தனி மின்சாரம் உள்ள ஏழு போர்ட் ஹப்: கர்னல் பதிவு சொல்லும் சாட்சி

கணினியின் ஒரு யூஎஸ்பி போர்ட்டைப் பலவாகப் பிரித்துத் தரும் இந்த ஹப்பின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் யாருக்கும் பயன்படாது. அதே அலுமினிய உடல், அதே ஏழு போர்ட், ஒவ்வொரு போர்ட்டுக்கும் மேலே ஒரு சுவிட்ச், ஒரு நீல விளக்கு. ஒட்டியிருக்கும் பெயர் மட்டும் விற்பவருக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கிறது. பெயர் மாறினாலும் பெட்டியில் அச்சிட்ட வாக்குறுதி மாறுவதில்லை: யூஎஸ்பி இணைப்பில் வரும் எல்லாச் சிக்கல்களுக்கும் இது ஒன்றே போதுமாம். அந்த ‘எல்லா’ என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து, கோணலாக விழுந்த பக்கங்களை நிமிர்த்தி, கோப்புகளாக்கித் தருவது என் தொழில். டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடும் மடிக்கணினி ஒன்று. தனி அடாப்டர் இல்லாமல் யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுக்கும் தட்டை ஸ்கேனர் ஒன்று. இரண்டரை அங்குல வன்தட்டு ஒன்று. இவை போக விசைப்பலகையும் கம்பியில்லா மவுஸும். நான்கையும் அடாப்டர் இல்லாத ஒரு சிறிய ஹப்பில்தான் செருகியிருந்தேன். அரை பக்கம் ஓடிய ஸ்கேனர் அப்படியே நின்றுவிடும். வன்தட்டு திடீரென்று காணாமல் போய், சற்று நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வரும். சில நாள் சாதுவாக இருக்கும்; நாளைக்குள் கொடுத்தாக வேண்டிய வேலை கையில் இருக்கும்போதுதான் கழுத்தை அறுக்கும்.

இப்படிப்பட்ட கோளாறைக் கையும் களவுமாகப் பிடிக்க லினக்ஸில் ஒரு வசதி இருக்கிறது. டிமெஸ்ஜி கட்டளையைத் தொடர்ந்து ஓடும்படி ஒரு சாளரத்தில் திறந்துவைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். இயங்குதளத்தின் மையமான கர்னல் தன் சங்கடங்களை அங்கே ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டே போகும். எனக்கு அடிக்கடி வந்த வரி இது: ‘யூஎஸ்பி 1-2.3: டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்/64, எரர் -110’.

முதலில் இருக்கும் எண்களைப் பலரும் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். உண்மையில் முகவரியே அதுதான். 1 என்பது பஸ்ஸின், அதாவது கணினிக்குள் உள்ள யூஎஸ்பி தடத்தின் எண். 2 என்பது கணினியில் உள்ள போர்ட். புள்ளிக்குப் பிறகு வரும் 3, அந்தப் போர்ட்டில் செருகிய ஹப்பின் மூன்றாவது போர்ட். அங்கே இருந்தது ஸ்கேனர். அடுத்தது கடைசியில் வரும் எண். -110 என்றால், கர்னல் ஒரு கேள்வி கேட்டது, காத்திருந்தது, பதில் வராமலே நேரம் கடந்துவிட்டது என்று பொருள். -71 வேறு: பரிமாற்றம் நெறிமுறைப்படி நடக்கவில்லை, பிட்டுகள் குழம்பின அல்லது உரிய கணத்தில் மறுமொழி இல்லை. -32 வந்தால் சாதனமே கேட்டதைச் செய்ய முடியாதென்று கைவிரித்துவிட்டது. இந்த மூன்றையும் ‘யூஎஸ்பி எரர்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி, அதற்கு ஒரு ஹப்பை மருந்தாக விற்பதுதான் பெட்டியின் வாக்குறுதி.

சாதனத்துக்குக் கர்னல் வைக்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். வெறும் ரீசெட் நடந்தால் அந்த எண் மாறாது. இணைப்பே அறுந்து, சாதனம் புதிதாக வந்ததுபோல் எழுந்தால் அடுத்த எண் கிடைக்கும். காலையில் 6 என்று இருந்த வன்தட்டு மதியம் 23 ஆகியிருந்தால், யாரும் தொடாமலே அது செத்துப் பிழைத்திருக்கிறது. என் வன்தட்டின் நிலை அப்படித்தான் இருந்தது. ஸ்கேனரின் நிலையும் அதுவே.

இதற்குக் காரணம் என்னவென்பது சாதாரணக் கணக்கு. 2000இல் வந்த யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு போர்ட் தரக்கூடியது 500 மில்லிஆம்பியர். 2008இல் வந்த 3.0 அதை 900 ஆக்கியது. அடாப்டர் இல்லாத 2.0 ஹப் தான் வாங்கும் 500இல் தனக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு, போர்ட் ஒன்றுக்கு 100 வீதம்தான் பிரித்துக்கொடுக்கலாம். செருகியுள்ள யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை விரிவாகக் காட்டச் சொன்னால், ‘மேக்ஸ்பவர்’ என்ற வரியில் ஒவ்வொரு சாதனமும் தனக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்லும். என் ஸ்கேனர் 500 கேட்கிறது. இரண்டரை அங்குல வன்தட்டு சுழலத் தொடங்கும் சில நொடிகளில் ஏறத்தாழ ஓர் ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் விழித்தால் ஐந்து வோல்ட் ஐந்தாக நிற்காது.

புதிய ஹப்பின் அடாப்டரில் 5 வோல்ட், 4 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது. ஏழு போர்ட்டுக்கும் 900 வீதம் கணக்கிட்டால் 6.3 ஆம்பியர் வேண்டும். பெட்டி இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டுவதில்லை. ஏழிலும் பசி மிகுந்த சாதனங்களைச் செருகப் போகிறவர் இதை வாங்க வேண்டாம். அவருக்கு 12 வோல்ட் அடாப்டரோடு வரும் பெரிய வகை பொருந்தும். என் நான்கு சாதனங்களுக்கு 4 ஆம்பியர் தாராளம்.

பலனைச் சொல்ல வேண்டும் அல்லவா? இந்த ஹப்புக்கு மாறிய பிறகு ஸ்கேனரின் -110 அடியோடு நின்றது. கெட்டி அட்டை போட்ட தடித்த தொகுதி ஒன்றை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஸ்கேன் செய்தேன். நடுவே வன்தட்டும் விழித்து, எழுதி, உறங்கி, மறுபடி விழித்தது. பதிவுச் சாளரத்தில் ஒரு வரிகூட நகரவில்லை. மின்சாரப் பற்றாக்குறையால் வரும் கோளாறுக்கு இது நல்ல மருந்து, அதில் எனக்கு ஐயமே இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பிரிக்காமலே பார்த்துவிடலாம். எல்எஸ்யூஎஸ்பியை மரவடிவில் காட்டச் சொன்னால், ஏழு போர்ட் ஹப் ஒன்று தெரியாது. நான்கு போர்ட் ஹப் ஒன்றும், அதன் ஒரு கிளையில் தொங்கும் இன்னொரு நான்கு போர்ட் ஹப்பும் தெரியும். மூன்றும் நான்கும் சேர்ந்து ஏழு. போதாததற்கு, யூஎஸ்பி 3.0 ஹப் எப்போதும் இரட்டை வேடம் போடும்: 2.0 பஸ்ஸில் ஒரு முறை, 3.0 பஸ்ஸில் ஒரு முறை. ஆக ஒரு பெட்டி, பட்டியலில் நான்கு ஹப். முதல் தடவை பார்ப்பவர் பயந்துவிடுவார், பயப்பட ஒன்றுமில்லை. எந்தப் போர்ட் எந்தச் சில்லில் (சிப்பில்) இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். என் ஹப்பில் கேபிளுக்குப் பக்கத்தில் உள்ள மூன்றும் முதல் சில்லைச் சேர்ந்தவை. வன்தட்டை அங்கே வைத்தேன். விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் கடைசி வரிசை போதும்.

இப்போது குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை, இந்த ஹப் பொய் சொல்கிறது.

ஒரு ஹப் தன்னைப் பற்றிக் கர்னலிடம் சொல்லும் செய்திகளில் ஒன்று, தனக்குச் சொந்த மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பது. இல்லை என்று நேர்மையாகச் சொன்னால் கர்னல் கணக்குப் போடும். 500 கேட்கும் ஸ்கேனரைச் செருகியவுடன், பஸ்ஸில் போதுமான மின்சாரம் இல்லாததால் இதை இயக்க மாட்டேன் என்று தெளிவாக எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பயனர் ஒரு நிமிடத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். நான் அடாப்டரைக் கழற்றிவிட்டு ஹப்பை மறுபடி செருகிப் பார்த்தேன். அப்போதும் அது ‘செல்ஃப் பவர்டு’ என்றே அறிவித்தது. கர்னலும் நம்பியது. ஸ்கேனரை அனுமதித்தது. விளக்குத் தண்டு பாதித் தூரம் நகர்ந்து நின்றது, பதிவில் பழைய -110 வந்து உட்கார்ந்தது. அடாப்டரின் முள் சற்றுத் தளர்வாக இருப்பதால் இது வெறும் ஏட்டுக் குறை அல்ல. மேசையைத் துடைக்கும்போது அது அரை விரல் நகர்ந்தாலும், ஹப் ஒன்றும் சொல்லாமல் கணினியின் மின்சாரத்துக்குத் தாவிவிடும். நீல விளக்குகளும் அணையாது. கோளாறு திரும்பிவிட்டது என்று நினைத்து மென்பொருளைத் தோண்டுவதற்கு முன் அந்த முள்ளை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

இரண்டாவது குறை, கூடவே வரும் கேபிள். சுண்டுவிரலில் சுற்றினால் சுருண்டுகொள்ளும் அளவுக்கு மெலிது. இதைப் போட்டிருந்தவரை வன்தட்டில் பெரிய கோப்புகளை எழுதும்போது -71 வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் கர்னலே ‘மே பி தி யூஎஸ்பி கேபிள் ஈஸ் பேட்?’ என்று கேள்விக்குறியோடு எழுதியது. நான் எழுதிச் சேர்த்த நகைச்சுவை அல்ல. ஹப்பின் போர்ட்டை இயக்க முடியாமல் போகும்போது வரும் உண்மையான செய்தியே அதுதான். கர்னல் எழுதியவர்களில் யாரோ நம்மைப்போலவே கேபிளால் நொந்திருக்கிறார். பழைய வன்தட்டுப் பெட்டியோடு வந்த, இதைவிடக் குட்டையான, தடித்த கேபிள் ஒன்றை மாட்டினேன். -71 போயிற்று. ஹப் நல்லது, அதன் கேபிள் குப்பை என்பது என் தீர்ப்பு.

கேபிளைச் செருகும் விதத்திலும் ஒரு சங்கதி உண்டு. 3.0 வகைச் செருகியில் பழைய நான்கு தொடுமுனைகளோடு வேகப் பாதைக்கான ஐந்து புதிய முனைகள் இருக்கின்றன. முழுக்க உள்ளே போனால்தான் அந்த ஐந்தும் தொடும். மெதுவாக, பதமாகச் செருகினால் பழைய நான்கும் முதலில் தொட்டுவிட, சாதனம் தன்னை 2.0 என்று பதிவுசெய்துகொண்டு அங்கேயே தங்கிவிடலாம். மரவடிவப் பட்டியலில் 5000எம் இருக்க வேண்டிய இடத்தில் 480எம் என்று இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். உருவிவிட்டு, தயங்காமல் ஒரே தள்ளாகச் செருகினால் சரியாகிவிடும். சாதுவானவர்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் ஒத்துவராது போலிருக்கிறது.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். கணினிக்கும் சாதனத்துக்கும் நடுவில் நிற்பதால் எல்லாப் பழியும் ஹப்பின் தலையில் விழுகிறது. என் வன்தட்டுக் கோளாற்றில் பாதிக்கு ஹப் பொறுப்பே இல்லை. மின்சாரமும் கேபிளும் சரியான பிறகும், நிறையக் கோப்புகளை ஒரேயடியாக நகர்த்தும்போது வன்தட்டு அரை நிமிடம் உறைந்து, பிறகு ரீசெட் ஆகும். பதிவில் ‘யூஏஎஸ்’ என்று தொடங்கும் வரிகள் சரம் சரமாக வரும். ஹப்பைக் கழற்றி, வன்தட்டை நேராகக் கணினியில் செருகினேன். அங்கேயும் அதே உறைதல், அதே வரிகள். அத்தோடு ஹப் விடுதலை.

குற்றவாளி வன்தட்டுப் பெட்டிக்குள் இருந்து, வன்தட்டின் மொழியை யூஎஸ்பிக்கு மாற்றித் தரும் சில்லு. பழைய சேமிப்பு முறையில் ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான் போகும். யூஏஎஸ் முறையில் பல கட்டளைகளை வரிசையாக அனுப்பிவிடலாம், வேகமும் கூடும். ஆனால் எல்லாச் சில்லுகளும் அந்த வரிசையை ஒழுங்காகக் கையாளுவதில்லை. சிலது திணறி, வாய்மூடி நின்றுவிடும். இதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. யூஎஸ்பி-ஸ்டோரேஜ் நிரல்கூறுக்கு ‘குவிர்க்ஸ்’ என்று ஓர் அளவுரு இருக்கிறது. எல்எஸ்யூஎஸ்பி காட்டும் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் முக்காற்புள்ளி இட்டு எழுதி, இன்னொரு முக்காற்புள்ளிக்குப் பின் ஆங்கிலச் சிற்றெழுத்து ‘யு’வைச் சேர்த்துக் கர்னல் தொடக்க வரியில் கொடுத்துவிட்டால், அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் யூஏஎஸ் அணைந்து பழைய முறை வரும். மரவடிவப் பட்டியலில் ‘டிரைவர்’ என்ற இடத்தில் யூஏஎஸ் போய் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் என்று மாறியிருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். வேகம் சற்றுக் குறையும். அரை நிமிட உறைதல்களைக் கழித்துப் பார்த்தால் எனக்கு லாபம்தான்.

விசைப்பலகை விஷயமும் இப்படியே. சற்று நேரம் தொடாமல் இருந்துவிட்டுத் தட்டினால் முதல் எழுத்தை விழுங்கிவிடும். இதுவும் ஹப்பின் வேலை அல்ல. கர்னல் பொதுவாக ஹப்களைத்தான் தானாக உறங்க விடும்; விசைப்பலகையைத் தானாகத் தொடாது. மின்சாரம் சேமிக்கிறேன் என்று நாம் நிறுவும் நிரல்கள்தான் எல்லாச் சாதனங்களையும் உறக்கப் பட்டியலில் சேர்த்துவிடுகின்றன. இயல்பான காத்திருப்பு நேரம் இரண்டே நொடி. கர்னல் தன் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில், அந்தச் சாதனத்தின் கோப்புறையில் ‘பவர்’ என்பதன் கீழ் இருக்கும் ‘கன்ட்ரோல்’ கோப்பில் ‘ஆட்டோ’ என்றிருப்பதை ‘ஆன்’ என்று மாற்றினால் விசைப்பலகை விழித்தே இருக்கும். நிலையாக வேண்டுமானால் அந்த மின்சேமிப்பு நிரலின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும்.

மவுஸைப் பொறுத்தவரை ஹப்புக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. வன்தட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது சுட்டி திக்கித் திக்கி நகரும். பதிவில் ஒரு பிழையும் இருக்காது, அதனால்தான் இது ஏமாற்றும். யூஎஸ்பி 3.0 ஓடும்போது கிளம்பும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது என்று இன்டெல் 2012இல் ஒரு வெள்ளையறிக்கையே வெளியிட்டது. கம்பியில்லா மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். அலுமினிய உடலைப் பார்த்து இரைச்சலைத் தடுத்துவிடும் என்று எதிர்பார்த்தேன். போர்ட்டுகளின் வாய் திறந்துதானே இருக்கிறது. மவுஸின் சிறு ஏற்பியை ஒரு நீட்டிப்புக் கேபிளில் மாட்டி, ஹப்பை விட்டுத் தள்ளிவைத்தேன். திக்கல் நின்றது.

பாராட்ட வேண்டிய இடமும் இருக்கிறது. அடாப்டர் உள்ள ஹப்களில் நான் முதலில் பார்ப்பது, அது கணினிக்குள் பின்பக்கமாக மின்சாரத்தைத் தள்ளுகிறதா என்பதை. சிலது தள்ளும், கணினியை அணைத்த பிறகும் உள்ளே ஏதோ ஒரு விளக்கு மினுமினுக்கும், அது நல்லதல்ல. சோதிப்பது எளிது. ஹப்பின் அடாப்டரை மின்சாரத்தில் வைத்து, கணினிக்குப் போக வேண்டிய கேபிளின் முனையைக் கணினிக்குப் பதில் ஒரு யூஎஸ்பி மின்னழுத்தமானியில் செருக வேண்டும். மானியின் திரை ஒளிர்ந்தால் ஹப் பின்பக்கமாகத் தள்ளுகிறது. இந்த ஹப்பில் திரை இருட்டாகவே இருந்தது.

சுவிட்சுகள் பாதி நன்மை, பாதி ஆபத்து. ஸ்கேனர் என்றாவது முரண்டு பிடித்தால் கேபிளைப் பிடுங்காமல் சுவிட்சை அணைத்துப் போடலாம். ஆனால் அவை மேல்பக்கம், சின்ன உரசலுக்கே அமுங்கும்படி இருக்கின்றன. எழுதிக்கொண்டிருக்கும் வன்தட்டின் சுவிட்சில் கை பட்டால் கோப்பு முறைமை கதறிக்கொண்டு படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும். திரும்பி வரும்போது எஸ்டிபி என்றிருந்தது எஸ்டிசி என்று வேறு பெயரில் வரும். அதனால் எந்த வட்டு எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பெயரை நம்பாமல், மாறாத அடையாள எண்ணான யூயூஐடியை எழுதிவிடுங்கள். வன்தட்டுச் சுவிட்சின் மேல் நான் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறேன்.

கட்டளை மூலம் போர்ட்டை அணைக்கலாம் என்று எண்ணி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யூஹப்சிடிஎல் என்ற கருவி இந்த ஹப்பை ஏற்றுக்கொள்கிறது. போர்ட் அணைந்தது என்றும் பதில் சொல்கிறது. ஸ்கேனரின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. அணைக்க முடியும் என்று சில்லு விளம்பரம் செய்கிறது, மின்சாரத்தை வெட்டும் உறுப்பைப் பலகையில் வைக்கவில்லை.

மெலிந்த கேபிளைப் பற்றி விற்பனையாளருக்கு எழுதினேன். லினக்ஸுக்கு ஆதரவு தருவதில்லை, உரிய டிரைவரை நிறுவிப் பாருங்கள் என்று பதில் வந்தது. ஹப்புக்கு டிரைவர்! ஹப் என்பது யூஎஸ்பி விதிகளிலேயே வகை எண் 9 பெற்ற பொதுச் சாதனம்; தனி டிரைவர் எந்த இயங்குதளத்திலும் வேண்டியதில்லை. யூஎஸ்பி 3.0க்கு முதன்முதலில் ஆதரவு கொடுத்த இயங்குதளமே லினக்ஸ்தான், 2009இல் வந்த 2.6.31 கர்னலில். இதையெல்லாம் விளக்காமல், பதிவில் வந்த -71 வரிகளை மட்டும் நகலெடுத்து அனுப்பி, மாற்றுக் கேபிள் கேட்டேன். அனுப்பினார்கள், குறை சொல்லக் கூடாது. அதே மெலிந்த கேபிள், அதே நீளம். இப்போது மேசை விளக்குக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.